ஒரு பையில் மூன்று திறப்புகள்

கொம்பனியின் விளம்பரப் புத்தகத்தில் நடுப்பக்கம் முழுக்க ஒரு சோடிக் கைகள் இருக்கின்றன. வலையிலிருந்து நண்டு கழற்றிக் கழற்றித் தழும்பேறிய கைகள். அவற்றுக்கு மேலே ஆங்கிலத்தில், பொன் நிறத்தில், 'பாதுகாப்பே எங்கள் முன்னிலை' என்று போட்டிருக்கிறார்கள். கைகளுக்குரிய பெண்ணின் முகத்தை வெட்டிவிட்டார்கள். முகம் தேவையில்லையாம், கைகளே போதுமாம். அந்தப் புத்தகத்தை நான் இன்னும் எறியவில்லை. என் கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகவே மேசையில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கைகள் சாம்பல்தீவு அக்காவுடையவை. அவர் என் சொந்த அக்கா இல்லை. அந்த ஊர் நண்டுச் சங்கத்தின் தலைவி. ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்றேன். அவருடைய நல்ல பெயரை எப்படிப் பறித்தார்கள் என்பதைத்தான் எழுதப்போகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன். நிதானம் வரவில்லை. வராமலே போகட்டும்.

நான் பார்த்த வேலை உறவுக்காரருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "கொம்பியூட்டரில என்னவோ காவல் வேலையாம்" என்று அம்மா கலியாண வீடுகளில் சொல்லுவார். மாமா ஒருவர் காணும்போதெல்லாம், "பிட்கொயின் ரெண்டு எங்களுக்கும் எடுத்துத் தாவன் பிள்ளை" என்று பல்லைக் காட்டுவார். அம்மா சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட. காவல் வேலைதான். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்காகத் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு மாடி அறையை எடுத்து, யன்னலால் கோதுமைக் கப்பல் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு, பிளொக்செயின்களுக்குக் காவல் இருந்தேன்.

பிளொக்செயின் என்பது பல ஊர்க் கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பதிவு. ஒன்றில் எழுதினால் எல்லாவற்றிலும் ஏறும். ஏறியதை ஒருவராலும் அழிக்க ஏலாது. இதைத்தான் விற்கிறவர்கள் வாய் கிழியச் சொல்லுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது மற்றப் பாதியை. எழுதுகிறவர் இன்னார் என்று பார்க்க அந்தப் பதிவுக்குக் கண் கிடையாது. திறப்பு, அதாவது சாவி, யார் கையில் இருக்கிறதோ அவரை அது நம்பும். திறப்புப் பிழையான கைக்குப் போனால், பொய்யும் அதே அழியாத எழுத்தில் ஏறிவிடும். அதனால் திறப்பை யார் உண்டாக்குவது, யார் வைத்திருப்பது, எத்தனை பேர் சேர்ந்தால் திறக்கலாம், யார் கண்காணிப்பது என்பதில்தான் முழுப் பாதுகாப்பும் இருக்கிறது. மிச்சமெல்லாம் சோடனை.

எங்கள் விற்பனைத் தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் இதையே பிடித்துக்கொண்டார். "இப்ப சந்திக்குச் சந்தி பிளொக்செயின் விக்கிறாங்க. வேகத்தில நாங்க முந்த ஏலாது. மலிவிலயும் முந்த ஏலாது. பாதுகாப்பில முந்தலாம். போட்டியில எங்கட பலம் அதுதான்." அவர் சொன்னதில் பிழை இல்லை. நானும் அதை மனதார நம்பித்தான் அந்த வேலைக்குப் போனேன். பூட்டு நல்லதென்றால் ஆட்கள் தேடி வருவார்கள், இதில் என்ன சூது இருக்கிறது? பூட்டு நல்லதாக இருப்பது வேறு, நல்ல பூட்டு என்று பெயர் வாங்குவது வேறு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நண்டுச் சங்கத்தின் வேலை இப்படித்தான் எங்களிடம் வந்தது. சாம்பல்தீவிலிருந்து இறக்கக்கண்டி வரைக்கும் உள்ள பெண்கள் அதில் இருந்தார்கள். காலையில் கரைக்கு வரும் வலைகளிலிருந்து நண்டைக் கழற்றி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு, பெட்டிகளைக் கப்பல்துறைக் களஞ்சியத்துக்கு அனுப்புவார்கள். முன்பு எல்லாம் லொறிக்காரர் ஒருவர் வந்து, மூக்கைச் சுளித்து, தான் நினைத்த விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். பிறகு வெளிநாட்டில் ஒருவர் நேரடியாக வாங்க முன்வந்தார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. இந்த நண்டு இந்தக் கரையில், சின்னப் படகில் பிடித்தது, சினை நண்டைக் கடலிலேயே திருப்பி விட்டார்கள் என்பதற்கு அழியாத அத்தாட்சி வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் சங்கத்தின் முத்திரை பிளொக்செயினில் ஏற வேண்டும். அந்த முத்திரை இருக்கும் மட்டும் லொறிக்காரரின் முகத்தில் முழிக்கத் தேவையில்லை.

முத்திரைக்கு மூன்று திறப்புகள் என்று நான் ஒழுங்கு செய்தேன். மூன்று பெண்கள், ஆளுக்கொன்று. மூன்றில் இரண்டு சேர்ந்தால்தான் முத்திரை விழும். சங்கத்தின் நண்டுக் கொட்டிலில் பாயை விரித்து உட்கார்ந்து இதை விளங்கப்படுத்திய காலை நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஒராளின்ர திறப்புத் துலைஞ்சாலும் வேலை நிக்காது. ஒராள் கெட்டுப் போனாலும் களவு நடக்காது. மற்ற ரெண்டு பேரும் காப்பாத்துவினம்" என்றேன்.

முதல் திறப்பு அக்காவுக்கு; இரண்டாவது திறப்புக்குரியவர் இறக்கக்கண்டி ராத்தா, அந்த ஊர் முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். வாய் சும்மா இருக்காத மனுசி. "அப்ப எங்கள்ல ஒருத்தி கெட்டுப்போவாள் எண்டு இப்பவே முடிவெடுத்திட்டீங்க. ஆரெண்டும் சொல்லிட்டா நல்லம் புள்ள" என்றார். கொட்டில் முழுக்கச் சிரிப்பு. மூன்றாவது திறப்பு சங்கத்தின் பொருளாளருக்கு. கைக்குழந்தையோடு வந்திருந்த இளம் பெண். குழந்தை அந்தத் திறப்பை வாயில் வைத்துவிட்டது. பெருவிரல் அளவில் பென் டிரைவ் மாதிரி இருக்கும் சாமான்தான் அது. ஆளாளின் வீட்டில் தனித்தனியாக வைக்க வேண்டும் என்று மூன்று பேரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் திறப்புகளை அந்தப் பெண்களின் கண் முன்னால்தான் உண்டாக்க வேண்டும் என்று நான் எழுத்தில் கேட்டிருந்தேன். ஒவ்வொரு திறப்புக்கும் மீட்புச் சொற்கள் என்று ஒரு வரிசை உண்டு. திறப்புத் தொலைந்தால் அந்தச் சொற்களைக் கொண்டு, உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் அதே திறப்பை மறுபடி உண்டாக்கலாம். சொற்கள் யாரிடம் இருக்கிறதோ, திறப்பும் அவரிடம் இருப்பதற்குச் சமம். கொழும்பில் இருந்த தொழில்நுட்பத் தலைவர் நான் கேட்டதை ஏற்கவில்லை. "கடற்கரையில போய் இதெல்லாம் செஞ்சு அந்தப் பொம்பிளைகளக் கஷ்டப்படுத்த வேணாம். நாங்க இங்கயே செஞ்சு அனுப்புறம். சொற்களை அன்றைக்கே அழிச்சிடுவம்" என்றார். பிறகு அழித்தாகிவிட்டது என்றும் எழுதினார். கண்டறியாத கரிசனை.

இனி அக்காவின் பை. மண்ணிறத் தோல்பை மாதிரி ஒன்று, உண்மையில் றெக்சின். வாயை இழுத்துப் பூட்டும் சிப் இரண்டு தடவை மாற்றியிருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பை இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். காணி உறுதி, அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ், குடும்பக் காட், மாட்டிக் கழற்றிய தோடு, எல்லாம் அதற்குள் இருக்கும். ஓடு என்றால் பிள்ளையை ஒரு கையிலும் பையை மற்றக் கையிலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அக்கா அந்தப் பையோடு ஷெல்லுக்கு ஓடியிருக்கிறார், முகாமுக்குப் போயிருக்கிறார், சுனாமி அன்று பனைமரத்தடிவரை அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். வீடு போனது, படகு போனது, பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி தொலையவில்லை. அதனால் ஊருக்கு அந்தப் பையில் ஒரு நம்பிக்கை. ஆபத்து என்று தெரிந்தால் அயலவர்கள் தங்கள் உறுதியையும் நகையையும் கொண்டுவந்து அக்காவிடம் கொடுப்பார்கள். அவரும் பெயரைச் சொல்லித் தனித்தனியாகச் சுற்றி உள்ளே வைப்பார்.

புயல் வருகிறது, கரையோரச் சனம் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கிராம சேவகரான விதானையார் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னபோது, ராத்தா இறக்கக்கண்டியிலிருந்து ஓட்டோ பிடித்து வந்து தன் திறப்பை அக்காவிடம் கொடுத்திருக்கிறார். பொருளாளரும் குழந்தையின் உடுப்போடு தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மூன்றும் ஒரே பைக்குள் போயிற்று. விதிப்படி இது பிழை, நான் மறுக்கவில்லை. பிரித்து வைத்தால் பாதுகாப்பு என்பது நான் படித்த படிப்பு. சேர்த்து வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினால்தான் மிஞ்சும் என்பது அவர்கள் பட்ட பாடு. இத்தனை தரம் ஓட வைத்துவிட்டு, பிறகு பிரித்து வை என்றால் எந்த மனுசி கேட்பாள்?

புயலில் ஊர் இருண்டது. கம்பங்கள் விழுந்தன, கரண்ட் இல்லை. போன் கோபுரமும் விழுந்துவிட்டதால் சிக்னல் என்பது மருந்துக்கும் இல்லை. திருகோணமலை ரவுனில் எங்கள் வீட்டிலேயே சுகம் விசாரிக்க ஆளைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அக்கா அந்தப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். கழிப்பறைக்குப் போனபோதும் தோளில் கொண்டு போனதாகச் சொல்லிப் பொருளாளர் பிறகு சிரித்தார்.

வெள்ளம் வற்றி, கரண்ட் வந்து, சனம் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து கொம்பனிக்குச் செய்தி வந்தது. சாம்பல்தீவுச் சங்கத்தின் முத்திரையோடு எங்கேயோ ஒரு துறைமுகத்தில் நண்டுப் பெட்டிகள் இறங்கியிருந்தன. வேறு கடலில் பிடித்த, உறைய வைத்த பழைய நண்டு; சினை நண்டும் கலந்திருந்தது. முத்திரை செல்லுபடியானது. இரண்டு திறப்புகள் சேர்ந்து போட்டது. விழுந்த நேரம் புயல் நாள், பகல். அந்த நேரம் எங்கள் கரையில் கடலுக்கு ஒரு தோணி இறங்கவில்லை.

கொழும்பிலிருந்து விசாரணை என்று வீடியோவில் கூப்பிட்டார்கள். நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அக்கா முகம் கழுவி, நல்ல சேலை உடுத்து, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மற்ற இருவரும் பின்னால் நின்றார்கள். திரையில் தொழில்நுட்பத் தலைவரும் விற்பனைத் தலைவரும்.

"புயல் நேரம் திறப்புகள் எங்க இருந்திச்சு அம்மா?" என்று தொழில்நுட்பத் தலைவர் கேட்டார்.

பையின் கதை அன்று காலையில்தான் எனக்குத் தெரிய வந்திருந்தது. அக்காவைப் பொய் சொல்லும்படி கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் விளங்கப்படுத்துறன் என்று சொல்லியிருந்தேன். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அது ஒளிக்க வேண்டிய விசயமே இல்லை. அதுதான் அவருடைய பெரிய சாட்சி.

"என்ர பையில தம்பி. மூண்டும் என்ர பையிலதான் இருந்தது. நான் ஒரு நிமிசம் கீழ வைக்கேல்ல. இந்தப் பையில வைச்சது ஒண்டும் இண்டைக்கு வரைக்கும் துலைஞ்சதில்லை. வேணுமெண்டா ஊரைக் கேளுங்கோ." பையை மடியிலிருந்து தூக்கி, சிப்பைத் திறந்து, மூன்று திறப்புகளையும் திரைக்கு முன்னால் காட்டினார். அப்படிப் பெருமையாகக் காட்டினார்.

திரையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விற்பனைத் தலைவரின் முகம் தெளிந்ததை நான் கண்டேன். "ரொம்ப நன்றி அம்மா, இவ்வளவுதான் தெரியணும்" என்றார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

பெண்கள் எழுந்து போன பிறகு தொழில்நுட்பத் தலைவர் எனக்குத் தனியாகப் போன் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் கரண்ட் இல்லை, கோபுரம் விழுந்தது, திறப்பு தன்பாட்டில் முத்திரை குத்தாது, அதற்குக் கணினியும் இணையமும் வேண்டும் என்று நான் படபடவென்று சொன்னேன்.

"யாராவது ஜெனரேட்டர் வச்சிருந்திருக்கலாம். எல்லா வழியையும் நாங்க பார்க்கணும்தானே."

"ஜெனரேட்டரால சிக்னல் வருமா?"

"நீங்க உணர்ச்சிவசப்படாதீங்க. இப்போதைக்கு அவங்கட திறப்ப இங்க இருந்தே முடக்கிடுவம். அவங்க தேவையில்லை. சொற்கள் இருக்குத்தானே."

"எந்தச் சொற்கள்?" என்று கேட்டேன்.

அவர் செருமிக்கொண்டு, "அவசரத்துக்கு உதவும்னு ஒரு பிரதி வச்சிருந்தம். அது வேற விசயம்" என்றார்.

வேற விசயமாம்! துருவித் துருவிக் கேட்டதில் விழுங்கி விழுங்கிச் சொன்னார். மூன்று திறப்புகளின் சொற்களும் கொம்பனியின் ஒரே கோப்புறையில், ஒரே பாஸ்வேட்டுக்குக் கீழே இருந்திருக்கின்றன. சாம்பல்தீவுச் சங்கத்தினது மட்டுமில்லை, கொம்பனி காவல் காக்கும் எல்லாருடையதும். அந்தப் பாஸ்வேட் அங்கே வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். விலகிப்போய் வேறு கொம்பனிகளில் சேர்ந்தவர்களுக்கும் தெரியும். மாற்றவே இல்லை. யார் எடுத்தார், யாருக்கு விற்றார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் களவு எந்தக் கதவால் வந்தது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அக்காவும் ஒரு பைக்குள்தான் போட்டார். கொழும்பும் ஒரு பைக்குள்தான் போட்டது. அக்கா அதைத் தலைக்கு வைத்துப் படுத்தார். இவர்கள் பையின் வாயைத் திறந்தபடி தெருவில் விட்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் என் கையெழுத்துக்காக அறிக்கை வந்தது. 'வாடிக்கையாளர் தரப்பில் திறப்புப் பராமரிப்புக் கவனயீனம். மூன்று திறப்புகளும் சங்கத் தலைவியின் தனிப்பட்ட பையில், பொது முகாம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்தமையை அவரே ஒப்புக்கொண்டுள்ளார்.' ஒப்புக்கொண்டுள்ளாராம்! களவெடுத்தவள் பொலிசில் ஒப்புக்கொண்ட மாதிரி. கோப்புறை பற்றி ஒரு சொல் இல்லை. கரண்ட் இல்லாதது பற்றி ஒரு சொல் இல்லை. சங்கத்தின் முத்திரையை நிரந்தரமாக நீக்குவது உகந்தது என்று கடைசியில் ஒரு வரி.

நான் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். விற்பனைத் தலைவர் தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார். ஆள் எப்போதும் மரியாதையாகத்தான் கதைப்பார். அதுதான் இன்னும் எரிச்சல். இன்னொரு நாட்டின் பெரிய மீன்பிடி வேலை ஒன்றுக்கு மூன்று கொம்பனிகள் போட்டி போடுவதாகவும், எங்கள் கொம்பனி கடைசிச் சுற்றில் நிற்பதாகவும் சொன்னார்.

"எங்கட கையில இருக்கிறது பாதுகாப்பு எண்ட பேர் மட்டுந்தான். ஓட்டை எங்கட பக்கமெண்டு நாங்களே எழுதினா நாளைக்கு இந்தக் கொம்பனிக் கந்தோரைப் பூட்டணும். அது ஒரு கிராமத்துச் சங்கம். அவங்க பழையபடி உள்ளூரில வித்துக்குவாங்க. யோசிச்சுப் பாருங்க."

"அந்த அக்காவின்ர கையைப் படம் பிடிச்சுத்தானே நீங்கள் அந்தப் பேரை வாங்கினது?" என்று கேட்டேன். "இப்ப அதே கையைக் களவெடுத்த கை எண்டு எழுதிறியள். நாக்கூசேல்லையா?"

"களவு எண்டு நாங்க எழுதல்லையே. கவனயீனம் எண்டுதான்..."

"ஊருக்குள்ள அதை எப்பிடி வாசிப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

அவர் தேத்தண்ணியைக் கலக்கினார். பாதுகாப்பை விற்பனைப் பொருளாக்கினால் இதுதான் நடக்கும் என்று அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். ஓட்டையை அடைக்கிறவனுக்குச் சந்தையில் பெயர் இல்லை, ஓட்டை தெரியாமல் பார்த்துக்கொள்கிறவனுக்குத்தான் பெயர். உண்மையான முன்னிலை வேண்டுமென்றால் அன்றைக்கே வாங்குநரிடம் போய், எங்கள் வீட்டுக் கதவுதான் திறந்து கிடந்தது, பூட்டிவிட்டோம், இப்படிப் பூட்டினோம் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லும் கொம்பனியிடம் நான் என் வீட்டுத் திறப்பையும் கொடுப்பேன். இவர்களிடம் கோழிக்கூட்டுத் திறப்பையும் கொடுக்க மாட்டேன். பம்மாத்துக்காரர்.

அறிக்கையில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். நான் வைக்காவிட்டால் அது நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கொம்பனியின் எந்த அறிக்கைக்கும் மூன்று பேர்: தொழில்நுட்பத் தலைவர், விற்பனைத் தலைவர், பாதுகாப்புப் பரிசோதகரான நான். மூன்றில் இரண்டு இருந்தால் போதும். ஒருவர் விலைபோனாலும் ஒருவர் முரண்டு பிடித்தாலும் உண்மை தடைப்படக் கூடாது என்று அந்த விதியை எழுதியவளும் நானேதான். நான் திருகோணமலை பஸ்ஸில் ஏறி உட்காரும்போது அறிக்கை வெளிநாட்டுக்குப் போய்விட்டது.

வேலையை விட்டேன். வாங்குநருக்கு என் பெயரோடு நடந்ததை எல்லாம் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரியில் பதில் வந்தது. கருத்தாம். விழுந்த கோபுரம் என்னுடைய கருத்தாம்.

சங்கத்தின் முத்திரையை நீக்கினார்கள். லொறிக்காரர் மறுநாளே சென்ட் மணக்க வந்து கொட்டிலுக்கு முன்னால் லொறியை விட்டாராம். "என்ன அக்கா, உங்கட பைக்குள்ள நண்டும் இருக்கோ?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாராம். ராத்தா செருப்பைக் கழற்றினாராம்.

மூன்று திறப்புகளும் தங்கள் சொத்து, திருப்பி அனுப்ப வேண்டும் என்று கொம்பனி எனக்குக் கடைசியாக எழுதியிருந்தது. அதை வாங்கத்தான் ஒரு பின்னேரம் போனேன். மூன்று பெண்களும் கொட்டிலில் இருந்தார்கள். குழந்தை பாயில் தவழ்ந்தது. எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போன எல்லாம் வாசலில் மறந்துபோனது. கோப்புறைக் கதையை முழுக்கச் சொன்னேன். அவர்கள் குறுக்கிடாமல் கேட்டார்கள்.

"அப்ப எங்கட பையால போகேல்ல?" என்றார் அக்கா.

"இல்லை அக்கா. சத்தியமா இல்லை."

"அது அவைக்கும் தெரியும்?"

"ஓம். தெரியும்."

"நீங்கள் அதில கையெழுத்து வைச்சனீங்களோ பிள்ளை?"

"இல்லை அக்கா."

"பிறகு எப்பிடிப் போனது?"

"மூண்டில ரெண்டு இருந்தாக் காணும்."

அக்கா என்னையே பார்த்தார். கோபம் இல்லை, அதனால் என்னால் அந்தப் பார்வையைத் தாங்க ஏலவில்லை. "ஒராள் கெட்டா மற்ற ரெண்டு பேரும் காப்பாத்துவினம் எண்டு நீங்கள்தானே இந்தப் பாயில இருந்து சொல்லித் தந்தனீங்கள்" என்றார். "ரெண்டு பேர் கெட்டா என்ன செய்யிறதெண்டு சொல்லித் தரேல்லையே."



"அவளை விடுங்க, அவ என்ன செய்வா" என்று ராத்தா முணுமுணுத்தார். அக்கா எழும்பிப்போய்ப் பையைக் கொண்டுவந்தார். சிப்பைத் திறந்து, துணிக்குள் துணியாகச் சுற்றியிருந்ததை அவிழ்த்து, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். இது ராத்தாவினது, இது தங்கச்சியினது, இது என்னது என்று பெயர் சொல்லி வைத்தார். மூன்றிலும் நான் ஒட்டிக் கொடுத்த சின்னத் துண்டுக் கடதாசி அப்படியே இருந்தது. பொருளாளருடையதில் குழந்தையின் பல் பட்ட அடையாளம்கூட இருந்தது.

"சரியோ?"

"சரி அக்கா."

"அப்ப வாங்கினனான் எண்டு எழுதித் தாங்கோ."

கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்துத் தந்தார்கள். எழுதினேன்: 'சங்கத்திடம் கொடுத்த மூன்று திறப்புகளையும், கொடுத்தபடியே, ஒன்றும் குறையாமலும் ஒரு பழுதும் இல்லாமலும் இன்று திரும்ப வாங்கிக்கொண்டேன். இவர்கள் கையால் ஒரு பிழையும் நடக்கவில்லை.' கீழே கையெழுத்து வைத்தேன். அக்கா வாங்கி, உதடு அசைய வாசித்துவிட்டு, தானும் வைத்தார். ராத்தா வைத்தார். பொருளாளர் குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வைத்தார். இரண்டு பேர் வைத்தால் காணும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

அக்கா அந்தத் தாளை நாலாக மடித்து, பொலித்தீனில் சுற்றி, காணி உறுதிக்கும் கணவரின் மரணச் சான்றிதழுக்கும் நடுவில் வைத்தார். சிப்பை இழுத்துப் பூட்டினார்.

"இனிப் புயல் வந்தா, முதல்ல தூக்கிறது இதைத்தான்" என்றார்.